பட்டாணி யாரைப் பார்க்கிறாள்?

அவளை எல்லோரும் விரலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தைகளுக்கான பிசியோதெரபி நிலையத்தில் இருபத்திரண்டு வருட வேலை. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அது இறங்கிவிட்டால் கேலிதான், வாய் ஓயாது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளைகள்தான் அவளிடம் அதிகம். அந்தப் பிள்ளைகளுக்குத் தசை தளர்வாக இருக்கும், மூட்டுகள் நெகிழ்ந்து கொடுக்கும், நடை தாமதமாகத்தான் வரும். "அவசரம் ஒண்ணும் இல்லடா கண்ணு. நீயும் எங்கேயும் ஓடப்போறதில்ல, நானும் ஓடப்போறதில்ல" என்று சொல்லிக்கொண்டே பாயை விரிப்பாள்.

பெயர் வந்ததற்குக் காரணம் அவள் வேலை செய்யும் விதம். முதலில் பிள்ளையின் மார்பைப் பிடிப்பாள். மாதங்கள் போகும். பிறகு இடுப்பு, பிறகு கை. கடைசியில் பிள்ளைக்கு வலப்பக்கம் நின்றுகொண்டு இடது சுண்டுவிரலை மட்டும் நீட்டுவாள். பிள்ளை அதைப் பிடித்தபடி நடந்து பழகும். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் விரலை உருவிக்கொள்வாள். நாலு எட்டு வைத்த பிறகுதான் பிள்ளை தன் கையைப் பார்க்கும், பொத்தென்று உட்காரும். "ஏமாந்துட்டியா!" என்று இவள் கைகொட்டிச் சிரிப்பாள். அந்த நாலு எட்டு போதும், மறுவாரம் பத்தாகும். நடை வந்த பிள்ளை அப்புறம் அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை. அதற்குத்தானே இத்தனை பாடு என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்வாள். ஆனாலும் வலிக்கும்.

பட்டாணிக்கு மூன்றரை வயது. உருண்டை முகம், உருண்டைக் கண், அதனால் அந்தப் பெயர். இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்ததில் ஒரு வருடம் போய்விட்டது, அதனால் நடை இன்னும் தள்ளிப்போயிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு விரலக்கா வழக்கம்போல விரலை உருவினாள்.

பட்டாணி உட்காரவில்லை. வலது கையை உயர்த்தியபடியே போனாள். மூடிய முஷ்டிக்குள் ஒரு விரல் அளவுக்கு இடைவெளி இருந்தது. முகத்தை வலப்பக்கமாக மேலே தூக்கி, யாரையோ பார்த்துச் சிரித்தாள். சுவர் அகலக் கண்ணாடி வரை போனாள். கண்ணாடியில் அவள் மட்டும்தான் தெரிந்தாள்; தூரத்தில் விரலக்கா, கையைக் கட்டிக்கொண்டு. கண்ணாடி முன்னால் நின்று, பக்கத்தில் இருப்பவர் திரும்பட்டும் என்று காத்திருப்பதுபோலக் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு திரும்பி வந்தாள். விரலக்காவை உரசிக்கொண்டு போனாள், ஆனால் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

பட்டாணியின் அம்மா சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் அழுதாள். விரலக்காவுக்கு மட்டும் கையில் மயிர் சிலிர்த்தது.

அடுத்த வாரம் அம்மா செல்போனோடு வந்தாள். "வீட்டுலயும் இப்படித்தான் நடக்குறாக்கா. கையைத் தூக்கிக்கிட்டு. வாசப்படி வந்தா ஒதுங்கி நின்னு யாருக்கோ வழி விடுறா. எங்க அண்ணி பயந்துட்டாங்க. 'அவ தனியா நடக்கல, கூட யாரோ நடக்குறாங்க'ன்னு சொல்றாங்க."

"என் விரல்தான் உங்க வீட்டுக்கு வந்துடுச்சு போல. வேலை முடிஞ்சதும் பத்திரமா திருப்பி அனுப்பிடுங்க" என்றாள் விரலக்கா. அம்மா சிரித்தாள். இவளும் சிரித்தாள்.

சிரிப்பு அன்று சாயங்காலம் வரைதான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் இடது சுண்டுவிரலை ஏதோ பிடித்தது. மெத்தென்ற, வெதுவெதுப்பான பிடி. கையை உதறினாள். குழாயை மூடிவிட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, சோப்பு நுரைதான். பிடி மட்டும் விடவில்லை. பத்து எண்ணுவதற்குள் தானாக விட்டது. மறுநாள் பட்டாணியைக் கூட்டி வந்த அம்மாவிடம், பேச்சுவாக்கில் கேட்பதுபோல, "நேத்து எப்போ நடந்தா?" என்று கேட்டாள்.

"ஆறு, ஆறே கால் இருக்கும். கூடத்துல இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும்."

பாத்திரம் கழுவிய நேரமும் அதுதான். விரலக்கா பேச்சை மாற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓய்வு எடுத்துக்கொள் என்பார்கள், இல்லை சிரிப்பார்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: அவளுக்குப் பயம் கொஞ்சம்தான், பெருமைதான் அதிகம். திரும்பிப் பார்க்காமல் போன எத்தனையோ பிள்ளைகளுக்கு நடுவில் இவள் ஒருத்தியாவது தன்னைக் கூடவே அழைத்துக்கொண்டு போயிருக்கிறாளே! பஸ்ஸில், கடையில், அந்தப் பிடி வரும்போதெல்லாம் விரலைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தாள். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. பட்டாணியின் தலை நாளுக்கு நாள் இன்னும் கொஞ்சம் வலப்பக்கமாக, இன்னும் கொஞ்சம் மேலே சாய்ந்தது. விரலக்கா அதைப் பார்க்காமல் இல்லை. நன்றாகவே பார்த்தாள், பார்த்துப் பூரித்தாள்.

நான்காவது வாரம் ஒரு சாயங்காலம் அந்தப் பிடி வேறு மாதிரி வந்தது. விழப்போகிற பிள்ளை பிடிக்கிற பிடி. நகம் பதிந்தது. கையிலிருந்த தட்டு தொட்டியில் விழுந்தது. விரலில் வலி போகவே இல்லை. மறுநாள் காலை பட்டாணியின் முறை வரும் வரை அவள் வேறெந்தப் பிள்ளையிடமும் மனம் ஒட்டாமல் இருந்தாள்.

பட்டாணி வந்தாள். கையைத் தூக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு. விரலக்கா அன்று வலப்பக்கம் நிற்கவில்லை. இடப்பக்கம் போய், கிலுகிலுப்பையை ஆட்டினாள்.

கருவிழி இரண்டும் இடப்பக்கம் உருண்டு வந்தன. முகம் வரவில்லை.

இன்னொரு தடவை ஆட்டினாள். விழி மட்டும் கடைக்கோடிக்கு வந்து அவளைப் பார்த்தது. முகம் வலப்பக்கத்தில் யாரோ ஒருவரைப் பார்த்து அப்படியே நின்றது. அதற்குள் வலது பாதம் பாயில் சர்ரென்று இழுபட்டதையும் பார்த்தாள்.

கிலுகிலுப்பையைக் கீழே வைத்தாள். ஐயோ, இவள் என்னைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை! டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் உச்சியில் இருக்கும் இரண்டு எலும்பையும் கட்டி வைத்திருக்கும் நார் தளர்ந்து, எலும்பு நழுவி, தண்டுவடத்தை நெரிக்கும். தலை சாயும், கால் இழுக்கும், சிறுநீர் கட்டுப்படாது. இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு வருடா வருடம் சொல்லிக் கொடுக்கிறவளே அவள்தான்.

"யாரும் தூக்காதீங்க! தொடாதீங்க!" என்று கத்தினாள். பிள்ளையை அப்படியே படுக்க வைத்து, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வந்தது. நாற்பது நிமிடப் பயணம், அவள் கையை எடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, "என்னக்கா ஆச்சு? நல்லாத்தானே நடந்தா?" என்று அதையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டர், தலை எப்போதிலிருந்து சாய்ந்தது என்று கேட்டார். அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை, செல்போனை நீட்டினாள். ஒன்பது வீடியோக்கள். டாக்டர் தேதி வரிசையில் ஓட்டினார். முதல் வீடியோவில் தலை லேசாகத் திரும்பியிருந்தது. நான்காவதில் காது தோளை நெருங்கியிருந்தது. ஏழாவதில் கால் கட்டைவிரல் தரையில் இடறியது. எல்லாவற்றிலும் கைதட்டல். "யாரைப் பாக்குறா பாரேன்!" என்று அப்பாவின் குரல். ஒன்பதாவது, நிலையத்தில் எடுத்தது. "என்னைத்தான் பாக்குறா, வேற யாரை!" என்று ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். டாக்டர் அதை நிறுத்தினார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஐந்து மணி நேர அறுவை சிகிச்சை. நழுவிய எலும்பைத் திருகாணி வைத்து நிறுத்தினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, கால்களைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள்.

நான்காம் நாள் விரலக்கா வார்டுக்குப் போனாள். பட்டாணி கழுத்தைச் சுற்றி இறுக்கமான பட்டையோடு மேற்கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அம்மா நாற்காலியிலிருந்து எழவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மறுத்துக் கேட்க ஆளில்லை.

"தலை சாயறதைப் பார்த்தேன். தெரிஞ்சிருக்கணும். என்னைத்தான் நினைச்சுக்கிட்டு நடக்குறான்னு நினைச்சு குளிர்ந்துபோயிட்டேன்மா. பாவி நான்."

அம்மா பட்டாணியின் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு, தாழ்ந்த குரலில், "ஆறு மாசமா ஜட்டியை நனைக்காத பிள்ளை, மூணு வாரமா நனைச்சிட்டிருந்தா. உங்ககிட்ட சொன்னா நடக்க வைக்கிறதை நிறுத்திடுவீங்களோன்னு தினமும் கால்சட்டையை மாத்தித்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றாள்.

விரலக்கா போர்வையை விலக்கி, இடது உள்ளங்காலில் நகத்தால் மெல்லக் கீறினாள். கால் வெடுக்கென்று உள்ளே போனது. வலது காலில் கீறினாள். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பெருவிரல் மட்டும் அசைந்தது, அசைந்ததா என்று சந்தேகப்படும் அளவுக்கு.

"நாளைக்கும் வருவீங்கல்ல?" என்றாள் அம்மா.

"வரேன்."

"இனிமே இவகிட்ட எது புதுசா தெரிஞ்சாலும் ஒருத்தருக்கொருத்தர் அன்னைக்கே சொல்லிடணும்கா. சந்தோஷமான விஷயமா இருந்தா மொதல்ல சொல்லணும். அதுலதான் நாம ஏமாந்தோம்."

விரலக்கா தலையாட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.