பித்தான் வாங்கப் போன சந்தை

குளத்தூர் பக்கம் எங்கள் ஊர் மாதா கோயிலில் வெகுகாலம் இருந்த பிரெஞ்சுச் சாமியார், முட்டி வலி அதிகமாகி, தன் பிறந்த ஊருக்கே திரும்பிப் போனார். போன பிறகு அவருக்கு வேறொரு கஷ்டம் வந்தது. அங்கே தமிழ் பேச ஆளில்லை. தொழுவத்தில் மாடுகளோடு தமிழ் பேசிக்கொண்டிருந்தாராம். பார்க்கப் பொறுக்காமல் அவருடைய தம்பி, கொஞ்ச நாள் வந்து இருந்துவிட்டுப் போகச் சொல்லி எங்கள் இருவருக்கும் கப்பல் டிக்கெட் எடுத்து அனுப்பினார். என் வீட்டுக்காரர் சாமியாரின் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. போட்டது போட்டபடி கிளம்ப எங்களால்தான் முடியும் என்று சாமியார் நினைத்திருக்க வேண்டும்.

ஐம்பதுகளின் நடுவில் அது. கப்பலும் ரயிலும் மாறி மாறி ஏறிப் போய்ச் சேர்ந்த அந்தக் கிராமத்தில் நான் முழுசாக விழித்திருந்தேனா என்று இப்போதுகூடச் சந்தேகம் வருகிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு மாட்டின் தலை மட்டும் தெரியும். சற்று நேரத்தில் உடம்பும் வரும். பிறகு வேலி, பிறகு திராட்சைத் தோட்டம், கடைசியாகக் கோயில் கோபுரம். யாரோ ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்பதைப்போல ஊர் உண்டாகும்.

சாமியார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எங்களை ஊர் காட்டக் கூட்டிப்போவார். ஆற்றின்மேல் கல்பாலம். மலைச்சரிவில் ஒரு சின்னக் கோயில், அதற்குள் மெழுகுவர்த்திப் புகையில் கறுத்துப்போன, மரத்தில் செய்த மாதா. ஆண்டவனுக்கு அடுத்தபடி அவர் பெருமையாகக் காட்டியது வெண்ணெய் கடையும் இடத்தை.

"இங்கிட்டு வாங்க வாத்தியாரே, இதப் பாருங்க. ஆத்தா, நீயும் வா. நம்ம ஊரு மத்து எங்க, இது எங்க!"

அந்த வெள்ளைத் தாடிக்குள்ளிருந்து எங்கள் ஊர்ப் பேச்சு வருவதைக் கேட்டு அவருடைய தம்பி பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

புறப்படும் நாள் நெருங்கியபோது, ஊரில் உள்ளவர்களுக்கு ஏதாவது வாங்க வேண்டுமே என்று எனக்குக் கவலை வந்தது. பக்கத்து டவுனில் சந்தை. அன்றைக்குப் பார்த்துச் சாமியாருக்கு முட்டி வீங்கிவிட்டது.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. ஊருப் பேரச் சொன்னாப் பஸ்காரன் எறக்கி விட்டுருவான்."

சந்தை ஆற்றங்கரையில் பெரிய மரங்களின் நிழலில் நடந்தது. பாலாடைக்கட்டிகள் அம்மிக் குழவிகள்போல அடுக்கியிருந்தன. தேன், கூடை, கோழி. என் வீட்டுக்காரர் அந்த ஊர் விவசாயிகள் போடுகிற தட்டையான கறுப்புத் தொப்பி ஒன்றை வாங்கினார். உடனே தலையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குப் பித்தான்கள் கண்ணில் பட்டன. அட்டை அட்டையாகக் கண்ணாடிப் பித்தான்கள், பெரும்பாலும் நீலம். பெட்டியில் இடம் அடைக்காது, எல்லாருக்கும் கொடுக்கலாம். விரலைக் காட்டி விலை பேசிக்கொண்டிருந்தபோது கடைக்காரம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணாடி வளையல்களை மெல்லத் தள்ளிவிட்டுச் சத்தம் கேட்டாள். மறுபடியும் தள்ளினாள். அவள் முகத்தில் தெரிந்த ஆசையைப் பார்த்ததும் இரண்டு வளையல்களைக் கழற்றி நீட்டினேன்.

அவளுக்குப் போட்டுக்கொள்ளத் தெரியவில்லை. கட்டைவிரல் முட்டியில் நின்றுவிட்டது. நான் கடைக்குள் புகுந்து, அவளுடைய கையை வாங்கி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, எங்கள் ஊர் வளையல்காரர் செய்வதுபோல விரல்களைப் பிசைந்து பிசைந்து ஏற்றினேன். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கை. வளையல் உடைந்துவிடுமோ என்று பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் கூடி நின்று பார்த்தார்கள். இரண்டும் ஏறியதும் கைதட்டினார்கள். அவள் என் கன்னத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முத்தமிட்டு, பித்தான்களோடு ஒரு நீல எனாமல் கூஜாவையும் என் கையில் திணித்தாள்.

இந்தக் கூத்தில் பஸ் போய்விட்டது.

"அடுத்த பஸ்ஸு இல்லையாம்," என்றார் என் வீட்டுக்காரர், நாலைந்து பேரிடம் கையைக் காலை ஆட்டி விசாரித்துவிட்டு.

"இப்ப என்னங்க செய்யிறது?"

"ஆறு நம்ம பாலத்துக்குத்தான போகுது. அதப் புடிச்சே போவோம்."

நடந்தோம். எங்கள் ஊரில் இறங்க ஆரம்பித்த சூரியன் அடுப்பு பற்றவைப்பதற்குள் போய்விடும். இங்கேயோ இரவுச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வெளிச்சம் போகவில்லை. அறுத்துப் போட்ட புல்லின்மேல் மஞ்சளாகப் படுத்துக் கிடந்தது. வழி தவறியிருக்கலாம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தும் பயம் வரவில்லை. இருட்டினால்தானே பயம்.

ஓர் இடத்தில், கூரை போட்ட கல்தொட்டியில் பெண் ஒருத்தி துணி அலசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்த என் வீட்டுக்காரர் சொன்னார்.

"நிச்சயம் பண்ணினப்பறம் ஒங்க ஊருக்கு நான் இன்னொரு தடவ வந்தேன், தெரியுமா?"

"எப்ப? யாருமே சொல்லலையே."

"யாருக்குந் தெரியாது. நீ கம்மாயில துணி தொவைச்சுக்கிட்டிருந்த. சைக்கிள்ல காத்து எறங்கிப்போன மாதிரி பாவ்லா பண்ணிக்கிட்டு, நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நான் பாக்கலையே."

"அதான் நல்லதாப் போச்சு. பாத்திருந்தா அங்கயே விழுந்திருப்பேன்."

கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் இதைச் சொன்னதில்லை. அதட்டிப் பாடம் நடத்தும் வாத்தியார், தலையில் அந்தத் தொப்பியோடு, பஞ்சுபோல ஏதோ விதைகள் பறந்துகொண்டிருந்த காற்றில் என் பக்கத்தில் நடந்தார். கூஜாவை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையால் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்க விட்டார்.

வெளிச்சம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தபோது வயல்களுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வாத்தியாரே! ஏ ஆத்தா! எங்கிட்டுப் போனீங்க ரெண்டு பேரும்?"

அந்த வெட்டவெளியில் தமிழ்! தம்பி ஓட்டிய குதிரை வண்டியில் சாமியார் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன், அதோடு அழுகையும் வந்துவிட்டது. வண்டியில் ஏறியதும் அவர் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. "இப்பிடித் தமிழ்ல கத்தி எத்தன நாளாச்சு!" என்று மட்டும் சொல்லி மூச்சு வாங்கினார்.

ஊருக்குத் திரும்பியதும் பித்தான்களைப் பங்கு வைத்தேன். "சீமைக்குப் போயிப் பித்தானா வாங்கிட்டு வந்தே?" என்று கேலி செய்தவர்களே பிள்ளைகளின் சட்டையில் தைத்துப் போட்டார்கள். கூஜாவில் மோர் ஊற்றி வைத்தேன். என் வீட்டுக்காரர் பழையபடி பேச்சுக் குறைந்தவராகிவிட்டார். பேசச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.

ஆனால் ஒரு நாள் புதுக்கோட்டைக்குச் சந்தைக்குக் கிளம்பியவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீயும் வாரியா?" என்றார். அதற்குமுன் கேட்டதே இல்லை. உலையில் அரிசி போட்டிருந்தேன். அப்படியே இறக்கி வைத்துவிட்டுச் சேலையை மாற்றப் போனேன்.