ஐநூறு ரூபாய்ப் பயணி

அன்று அந்த மாடி ஹாலில் இருந்தவர்கள்: எங்கள் நடிப்புப் பள்ளியின் ஆசிரியை, மார்க் போடப் புதுச்சேரியிலிருந்து வந்திருந்த நாடக இயக்குநர், என்னோடு படித்த மூன்று பேர், கடலூரிலிருந்து வந்த என் அக்கா, அக்காவின் கணவரான மாமா, ஒரு பஸ் கண்டக்டர், கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், நான். பத்துப் பேர். நான்கு முறை எண்ணினேன். பயம் வந்தால் தலை எண்ணுவது என் பழக்கம். பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் செய்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது, எண்ணத் தலைகள் இல்லாமல் போயிற்று.

இவ்வளவு பயந்தவன் ஏன் நடிக்கப் போனான் என்று அக்கா இன்னும் கேட்கிறாள். அடுத்து என்ன பேசுவது என்பதுதான் என் தீராத பயம். நடிகனுக்கு அதை யாரோ முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இதைவிட நல்ல வேலை உண்டா? சிதம்பரத்தில் பணம் கட்டிச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் ஆசிரியை ஒரு வரிகூட எழுதித் தரமாட்டார் என்று. கடைசித் தேர்வும் அப்படித்தான்.

"யாராவது ஒருத்தர ஆறு வாரம் கவனிங்க. பத்து நிமிஷம் அவரா இருங்க. வசனம் எழுதித் தர மாட்டேன். பாக்குறவங்க இது நடிப்புன்றதையே மறக்கணும்."

தேறாவிட்டால் மாமாவின் பஞ்சர் கடைதான் என்று வீட்டில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

நான் கண்டக்டரைப் பிடித்தேன். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், நான் தினமும் ஏறும் தனியார் பஸ் அவருடையது. வேறு யாரையும் உற்றுப் பார்க்கத் தைரியமில்லை. சில்லறை இல்லாவிட்டால் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்து, "எறங்குறப்ப வாங்கிக்க" என்பார். நான் ஒருநாளும் வாங்கியதில்லை. கேட்க வேண்டியதைப் பாதி வழியில், ஆலப்பாக்கத்திலிருந்தே மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். சிதம்பரம் வந்ததும் தலைகுனிந்து இறங்கிவிடுவேன். அந்த டிக்கெட்டுகள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன.

ஒரு வாரத்தில் அவரே கேட்டார். "இன்னாப்பா, தெனமும் மொறைக்கிற? பாக்கி எதுனா தரணுமா?"

"இல்லண்ணே" என்று புளுகிவிட்டு, தேர்வு விஷயத்தைச் சொன்னேன்.

"நடிக்கிறதுக்கு வேற ஆளே கெடைக்கலியா ஒனக்கு?" என்றவர், மறுநாள் தன் பழைய தோல்பையையும் மிச்ச டிக்கெட்டுகளையும் கொடுத்தார்.

தேர்வன்று பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் பஸ். பயணிகள் வெறுங்கையை நீட்டினால் போதும். "டிக்கெட்... டிக்கெட்..." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா கேளு மச்சான்! இப்பிடி கெஞ்சுனா எவன் காசு குடுப்பான்?" என்றார் மாமா.

ஜெராக்ஸ்காரர் சிரித்தார். ஆசிரியை பேனாவை மூடினார். எனக்குப் பஞ்சர் ஒட்டும் வாசனையே வந்துவிட்டது. அப்போது இயக்குநர், சட்டைப்பையிலிருந்து நிஜமான ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். "சிதம்பரம் ஒண்ணு."

எங்கிருந்தோ கோபம் வந்தது. "காலங்காத்தால ஆளாளுக்கு ஐநூற நீட்டுனா நான் எங்க சார் போவேன்? முப்பத்தாறு ரூபா டிக்கெட்டு. பாக்கிய எறங்குறப்ப வாங்கிக்கங்க." தாளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகினேன். டிக்கெட்டின் பின்னால் 464 என்று கிறுக்கிக் கொடுத்தேன். "உள்ள போ, உள்ள போ, வழிய மறைக்காத!" என்று மாமாவை விரட்டினேன். என் சொல்லை ஒருநாளும் கேட்டிராத மாமா, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"தேறிட்ட" என்றார் ஆசிரியை.

இயக்குநர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். படியருகே நின்று டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு தலைகுனிந்து இறங்கிப் போனார். தேறிய மயக்கத்தில் நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். பையைக் கழற்றியபோதுதான் விரலிடுக்கில் இன்னும் இருந்த தாள் கண்ணில் பட்டது. ஓடினேன். பஸ் போய்விட்டது.

"வுடு தம்பி, கேக்காதவங்களுக்கு நாங்க குடுக்குறதே இல்ல" என்றார் கண்டக்டர். நான் அவரையே பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

இயக்குநர் தன் குழுவுக்கு ஆள் தேடுகிறாராம். நான் போன் செய்யலாம் என்று ஆசிரியையிடம் நம்பர் கொடுத்திருக்கிறார். மூன்று வாரமாகப் போனை எடுத்து எடுத்து வைக்கிறேன். முதலில் வாய்ப்புக் கேட்பதா, பாக்கியைச் சொல்வதா? எழுதித் தர ஆளில்லை. அவருக்கு நான் தர வேண்டியது நானூற்று அறுபத்து நான்கு ரூபாய்.