படத்துக்கு முகம் தெரிய வேண்டும்

முதியோர் இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு மாஸ்க் விதிகளை நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு முகம் சுண்டிப்போகும். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தீவுப்பகுதி முழுக்கக் காய்ச்சல் பரவியிருந்த நேரம். இல்லத்தின் வாசல் கேற்றுக்குப் பொறுப்பு நான். மாஸ்க் இல்லாமல் ஒருவரும் வரக்கூடாது, இருமல், சளி, தடிமன் உள்ளவர்கள் வரவே கூடாது என்று எழுதி ஒட்டியதும் நானே.

ஒருநாள் காலையில், எங்கள் இல்லத்தில் இருந்த பொன்னம்மா ஆச்சியின் மகள் உஷா நாரந்தனையிலிருந்து வந்தாள். சீலைத் தலைப்பால் வாயையும் மூக்கையும் இறுக்கி மூடியிருந்தாள்.

"அக்கா, கடையிலை மாஸ்க் முடிஞ்சுதாம். தூரத்திலை நிண்டு அம்மாவை ஒருக்காப் பாத்திட்டுப் போறன்."

"ஏலாது பிள்ளை. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்."

மேசை லாச்சிக்குள் ஒரு பெட்டி மாஸ்க் இருந்தது. வேலையாட்களுக்கு வந்ததாம்! ஒன்றை எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

அன்று மத்தியானம் கனடாவிலிருந்து வந்திருந்த ஒருவர் தகப்பனின் திவசத்துக்கு இல்லத்தில் சாப்பாடு கொடுக்க வந்தார். வெளிநாட்டில் இருப்பவர்கள் இப்படிக் கொடுப்பதும், பரிமாறுவதைப் படமெடுத்துச் சொந்தங்களுக்கு அனுப்புவதும் இங்கே வழக்கம். மனிதர் இருமிக்கொண்டே வாகனத்திலிருந்து இறங்கினார். மாஸ்க் ஒன்றை நீட்டினேன்.

"இதைப் போட்டால் படத்திலை என்னை ஆரெண்டு தெரியும் அக்கா? அங்கை எல்லாரும் பாத்துக்கொண்டெல்லோ இருக்கினம்!"

நான் சிரித்தேன். வெட்கக்கேடு, பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

"சரி அண்ணை, கெதியா முடியுங்கோ."

அவர் பொன்னம்மா ஆச்சிக்குப் பாயாசம் ஊட்டினார். படம் எடுத்துக் கொடுத்தவள் நான்.

அடுத்த கிழமை ஆச்சிக்குக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் உயிர் போனது. அந்தக் கனடாக்காரரால்தான் தொற்றியது என்று எவரும் நிரூபிக்க முடியாது. அதைச் சொல்லித் தப்பிக்க எனக்குத் துணிவில்லை.

செத்தவீட்டில் உஷா தன் போனை என்னிடம் நீட்டினாள். அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றி அவளுக்கும் வந்திருந்தது.

"இதுதான் அம்மான்ரை கடைசிப் படம் அக்கா. நல்ல வடிவாச் சிரிக்கிறா, என்ன? எடுத்த ஆளுக்கு ஒரு நன்றி சொல்ல வேணும். ஆர் எடுத்தது?"

"நான்தான்" என்றேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிள்ளைகளே, சட்டம் தெரியாமல் நான் பிழைவிடவில்லை. ஆளைப் பார்த்துச் சட்டம் பேசினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.