பத்திரத்தைத் திருப்பி அனுப்பும் வக்கீல்

2003-ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மங்கையர்க்கரசி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, பத்திரப் பதிவு அலுவலகத்து மர பெஞ்சில் காலை பத்தரையிலிருந்து மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தாள். பதிவு செய்ய அவளிடம் பத்திரம் எதுவும் இல்லை. அங்கே வந்து போகிற வக்கீல்களைப் பார்க்கத்தான் வந்திருந்தாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பாளையங்கோட்டைக்காரி. இருபத்திரண்டாவது வயதில் ஹைதராபாத்துக்கு வந்து, மத்திய அரசு ஆலை ஒன்றில் படம் வரையும் பிரிவில் சேர்ந்தவள். மேஜையில் விரித்த பெரிய தாளில் எந்திர பாகங்களை அளவு பிசகாமல் வரைவது வேலை. இப்போது சீனியர் டிராஃப்ட்ஸ்மேன். பெண்ணாக இருந்தாலும் பதவியின் பெயர் அதுதான். கணவர் உமாசங்கர் செகந்திராபாத்தில் ரயில்வே அலுவலகத்தில் தலைமை எழுத்தர். மகள் ஸ்ரேயா இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். கல்யாணமான நாளிலிருந்து மல்காஜ்கிரிப் பேட்டையிலேயே ஐந்து வாடகை வீடுகள் மாறியாகிவிட்டது. ஐந்தாவது வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன அன்று, இனி மாறினால் சொந்த வீட்டுக்குத்தான் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

வீடும் அதே பேட்டையில் அமைந்தது. நூற்றெண்பது கஜம் மனை. ஒரு ஹால், இரண்டு அறை, பின்னால் துணி காயப்போட இடம். பத்து நிமிட நடையில் ரயில் நிலையம். விற்பவர் ராஜமல்லய்யா, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தெலுங்குக்காரர். மகனோடு போய் இருக்கப் போவதால் விற்கிறார். விலை படிந்துவிட்டது. பத்திரங்களை யார் பார்த்துச் சொல்வது என்பதில்தான் வீட்டில் பேச்சு வளர்ந்தது.

“புரோக்கரே ஒரு வக்கீலக் கூட்டிட்டு வாரான். ரெண்டு நாள்ல எழுதிக் குடுத்திருவாராம். நீ என்னத்துக்குக் கெடந்து அலையுத?” என்றார் உமாசங்கர்.

“விக்கிறவரோட ஆளு கூட்டிட்டு வார வக்கீலு, யாருக்குங்க வக்கீலு?”

உமாசங்கர் புரோக்கர் பேச்சை விட்டார். தன் மேலதிகாரிக்குத் தெரிந்த, ஹிமாயத்நகரில் இருந்த பெரிய ஹைகோர்ட் வக்கீலிடம் அழைத்துப் போனார். அங்கே இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். வக்கீல் பத்திரங்களைப் பிரிக்காமலே ஜூனியரிடம் தள்ளினார். வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று அந்த ஜூனியர்கூடக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், “அவரு பெரிய ஆளா இருக்கலாம். நம்ம வீட்டுக்கு அவரு ஆள் இல்ல,” என்றாள் மங்கையர்க்கரசி.

அதனால்தான் இந்த பெஞ்சு. மதியத்துக்குள் ஏழெட்டு வக்கீல்கள் வந்து போனார்கள். பலரும் கட்டாகக் கொண்டுவந்து, காட்டிய இடத்தில் கட்சிக்காரர்களைக் கையெழுத்துப் போட வைத்து, கூட்டிப் போனார்கள். யார் நல்லவர் என்று பார்வையில் எப்படித் தெரியும்? சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் குறைந்ததும், வாசலில் ஸ்டாம்ப் விற்றுக்கொண்டிருந்தவரிடம் போய் இந்தியில் கேட்டாள்.

“அண்ணா, இங்க வர வக்கீல்கள்ல யாரைக் கண்டா உங்களுக்கு ரொம்ப எரிச்சல்?”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நஸீம் மேடம். ஒரு பத்திரத்தை நாலு தடவை திருப்பி அனுப்புவாங்க. ஒரு எல்லை தப்பா இருந்தா நக்கோ, வேண்டாம்னுடுவாங்க. அவங்களால எனக்கு எத்தனை ஸ்டாம்ப் பேப்பர் வீணாப் போச்சு தெரியுமா!”

“அவங்க ஆபீஸ் எங்க?”

“ஆனந்த்பாக்ல, மாவு மில்லுக்கு மேல. அவங்ககிட்டயா போறீங்க? வீடு வாங்கி முடிக்க ஒரு வருஷம் ஆகும், ஹவ், ஆமா.”

மறுநாள் சாயங்காலம் அவள் மாவு மில் மாடிப்படி ஏறினாள். கீழே மில் ஓடினால் மேலே மேஜை அதிர்ந்தது. நஸீமுன்னிஸாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி. உட்காரச் சொன்ன கையோடு கேள்விகள் ஆரம்பமாயின. வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள்? பின்பக்கத்துச் சுவர் யாருடையது? விற்பவரோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்கு மங்கையர்க்கரசிக்குப் பதில் தெரியவில்லை.

“அதைத்தான் முதல்ல தெரிஞ்சுக்கணும். இந்தப் பேட்டையில முப்பது வருஷமா இருக்கேன். இங்க மனையெல்லாம் அண்ணன் தம்பிங்க சேர்ந்து வாங்கினது. வீட்டு வரி மட்டும் ஒருத்தர் பேர்ல ஓடிட்டிருக்கும்,” என்றார் நஸீமுன்னிஸா.

ராஜமல்லய்யா கொடுத்திருந்தது 1986-இல் அவரும் மகனும் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம். அதன்படி இந்த வீடு ராஜமல்லய்யாவுக்கு. இவர்கள் கேட்காமலே புரோக்கரின் வக்கீல் அதைப் பார்த்து, பிறகு கணினியில் எடுத்த வில்லங்கச் சான்றையும் பார்த்து, சுத்தமான சொத்து என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். நஸீமுன்னிஸா ஒரே ஒரு வரியின் மேல் பென்சிலை வைத்தார். “ ‘எனக்குப் பாத்தியப்பட்டது’ன்னு எழுதியிருக்கார். எப்படி வந்தது? பழைய பத்திர நம்பர் எங்கே?”

கணினிக்கு முந்தைய பதிவுகளைப் பெரிய புத்தகங்களில்தான் தேட வேண்டும். மூன்று வாரம் ஆனது. கிடைத்தது 1964-ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம்; உருதுவில் இருந்தது. நஸீமுன்னிஸா விரலால் தடவிப் படித்தார். வாங்கியவர்கள் இரண்டு பேர். ராஜமல்லய்யா, அவர் தம்பி கொமுரய்யா. ஆளுக்குப் பாதி.

தம்பி இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. குழந்தைகள் இல்லை. அவர் மனைவி நர்சம்மா சித்திப்பேட்டில் பிறந்த வீட்டோடு போய்விட்டாள். பாதி வீடு சட்டப்படி அவளுடையது. அது அவளுக்குத் தெரியாது.

விஷயத்தைக் கேட்டதும் ராஜமல்லய்யா கோபப்படவில்லை. அது ஒரு பிரச்சினையே இல்லை என்பதுபோலக் கையை வீசினார். “அவளை நான் கூட்டிட்டு வர்றேன். வீட்டு வரி விஷயமா ஒரு கையெழுத்துன்னு சொன்னா போட்டுடுவா. எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான்.”

நஸீமுன்னிஸா மங்கையர்க்கரசியைத் தனியே உட்கார வைத்துச் சொன்னார்: “பாருங்கம்மா, நான் உங்க வக்கீல். அந்தம்மாவுக்கு வக்கீல் இல்ல. ஆனா என் மேஜையில கைநாட்டு வைக்கிறவங்களுக்கு, வைக்கிறதுக்கு முன்னால பத்திரத்தை முழுசாப் படிச்சுக் காட்டுவேன். வேண்டாம்னா ஃபைலை எடுத்துக்கிட்டு வேற ஆளைப் பாருங்க. தப்பா நினைக்க மாட்டேன்.”

அன்றிரவு சாப்பாட்டில் உமாசங்கர் கை வைக்கவில்லை. “அவரு தம்பி பொண்டாட்டிக்கு அவரு பதில் சொல்லிக்கிடட்டும். நமக்கு ஒரு கைநாட்டு வேணும், அவ்வளவுதான? இந்த வக்கீலம்மா படிச்சுக் காட்டினா அந்தப் பொம்பள பங்கு கேப்பா. வீடு கையவிட்டுப் போயிரும். அமீர்பேட்ல கம்ப்யூட்டர் கோர்ஸ் படிச்சிட்டு ஸாஃப்ட்வேர் கம்பெனில சேர்ந்த பயலுவ வீடு தேடி இங்கயும் வர ஆரம்பிச்சிட்டானுவ.”

“போனாப் போவட்டும்.”

“ஈஸியாச் சொல்லுத. இருபது வருஷமா வாடகை குடுத்தது நாம.”

அவர் சொன்னது தப்பென்று அவளுக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டின் மேல் அவருக்கு இருந்த ஆசை அவளுக்கும் இருந்தது. பின்பக்கம் எங்கே கொடி கட்டுவது என்றுகூட அளந்து வைத்திருந்தாள். ஆனால் அந்தக் கைநாட்டுக்கு மேல் அடுப்பு வைத்துச் சமைப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பயமும் இருந்தது. இன்றைக்குத் தெரியாதது அந்த அம்மாவுக்கு ஐந்து வருடம் கழித்துத் தெரிந்தால்? ஏமாற்றி வாங்கிய கையெழுத்து கோர்ட்டில் நிற்குமா? நியாயம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடியவில்லை. மறுநாள் ஃபைலை எடுக்கப் போகவில்லை.

ராஜமல்லய்யா சொன்னபடியே நர்சம்மாவைக் கூட்டி வந்தார். அறுபது வயது, மெலிந்த உடம்பு, கையில் ஒரு துணிப்பை. மாவு மில்லைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, நஸீமுன்னிஸா விடுதலைப் பத்திரத்தைத் தெலுங்கில் நிதானமாகப் படித்தார். நடுவில் நர்சம்மா நிறுத்தினாள்.

“என் பாகத்தை விட்டுக்கொடுக்கிறேன்னு இருக்கே. எனக்கு எது பாகம்?”

ராஜமல்லய்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நஸீமுன்னிஸா 1964-ஆம் வருடத்துத் தாளை அவள் முன்னால் வைத்து, ஓர் இடத்தில் விரலை வைத்தார். “இது உங்க வீட்டுக்காரர் பேர்.”

நர்சம்மா குனிந்து அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பத்திரத்தைத் தள்ளிவிட்டு, பையை எடுத்துக்கொண்டாள். “என் தம்பிகிட்ட கேட்டுச் சொல்றேன்,” என்று படி இறங்கிப் போய்விட்டாள்.

ராஜமல்லய்யா மங்கையர்க்கரசியைப் பார்த்துக் கத்தினார். குடும்பத்தைக் கெடுக்க வந்தவள் என்றார்.

அடுத்த ஐந்து மாதம் வீடு கிடைக்கும் என்ற நம்பிக்கையே இல்லை. ஆறாவது வாடகை வீட்டுக்குச் சாமான் ஏற்றினார்கள். உமாசங்கர் அவளோடு தேவைக்கு மட்டும் பேசினார். நர்சம்மா தன் தம்பியோடு நஸீமுன்னிஸாவிடமே வந்து, நீங்களே எனக்கும் வக்கீலாக இருங்கள் என்று கேட்டிருக்கிறாள். இரண்டு பக்கமும் ஒருவரே இருக்கக் கூடாது என்று சொல்லி, அவர் வேறொரு வக்கீல் பெயரைக் கொடுத்து அனுப்பியதாகப் பிறகு தெரிந்தது. அந்த வக்கீல் வழியாக ராஜமல்லய்யாவும் நர்சம்மாவும் பேசினார்கள், சண்டை போட்டார்கள், கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வீட்டைக் கட்டிய செலவு ராஜமல்லய்யாவுடையது. அதைக் கழித்து, விலையில் மூன்றில் ஒரு பங்கு நர்சம்மாவுக்கு. அதுவும் வாங்குகிறவர்களே நேராக அவள் பெயருக்கு டிராஃப்ட் எடுத்துத் தர வேண்டும்.

அதற்குள் விலை ஏறியிருந்தது. மங்கையர்க்கரசி தன் சேமநல நிதியிலிருந்து எடுத்தாள். ஸ்ரேயாவுக்கு வாங்குவதாக இருந்த கம்ப்யூட்டர் தள்ளிப் போனது. “ஏமிட்டம்மா, ஒரு லாயருக்காக இவ்வளவா?” என்றாள் ஸ்ரேயா, பாதித் தெலுங்கில். 2004 பிப்ரவரியில் பதிவு நடந்தது. விற்பவர்கள் இருவர். நர்சம்மா கட்டை விரலில் மையோடு மங்கையர்க்கரசியைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தாள். சிரிக்கவில்லை, நன்றி சொல்லவும் இல்லை. ராஜமல்லய்யா பத்திரத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

குடிபோன ஒரு வாரத்தில் உமாசங்கர் பின்பக்கம் கொடி கட்டினார். கட்டிக்கொண்டே, “அந்த வக்கீலம்மாவுக்கு ஒரு நாள் சாப்பாடு போடணும்,” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் வீட்டில் பேச்சு எழவில்லை. நஸீமுன்னிஸா வந்து, புளியோதரையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆலையில் வீடு வாங்குகிறவர்கள் பத்திரக் கட்டோடு மங்கையர்க்கரசியின் மேஜைக்கு வருவது அதன் பிறகு வழக்கமாகிவிட்டது. அவள் பத்திரத்தைப் படிக்க மாட்டாள், அது தன் வேலை இல்லை என்பாள். எந்தப் பேட்டை என்று மட்டும் கேட்பாள். சனத்நகர் என்றால் சனத்நகரில் விசாரிக்கச் சொல்வாள். ஸ்டாம்ப் விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுப்பாள். சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். சிலர் போய்க் கேட்டார்கள்.

2011-இல், கச்சிபௌலியில் வேலை பார்த்த ஸ்ரேயாவும் அவள் கணவன் அபிநவும் நிஜாம்பேட் பக்கம் ஃபிளாட் பார்த்தார்கள். பில்டரே வக்கீலையும் வைத்திருந்தார். ஸ்ரேயா அம்மாவுக்குப் போன் செய்து நஸீம் மேடத்தின் நம்பர் கேட்டாள்.

“அவங்க எதுக்கு?” என்றாள் மங்கையர்க்கரசி. “அவங்களுக்கு மல்காஜ்கிரி தெரியும். நிஜாம்பேட்ல எந்தக் குளம் எதுவரைக்கும் கெடந்துச்சுன்னு அவங்களுக்கு என்ன தெரியும்? அங்கன உள்ள ஆளா பாத்து நீயே தேடு.”

ஸ்ரேயா இரண்டு சனிக்கிழமை அலைந்து, மூன்று பேரைப் பார்த்தாள். மூன்றாவது வக்கீல் ஃபிளாட் இருக்கும் இடத்துக்கே ஸ்கூட்டரில் வந்து, சுற்றி நடந்து பார்த்துவிட்டு, அவளை ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். “அம்மா, டூ மச். எங்க பார்க்கிங் பேப்பர்லயே இல்லையாம். அதை எழுதி வாங்காம சைன் பண்ணக் கூடாதுன்றார். பில்டர் கோபமா இருக்கார்.”

“அந்த வக்கீலுக்கு ஃபீஸ் குடுத்தாச்சா?”

“இன்னும் இல்ல.”

“முதல்ல அதக் குடு,” என்றாள் மங்கையர்க்கரசி. குழாயில் தண்ணீர் வருகிற நேரம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே மோட்டார் போடப் போனாள்.