இனிப்பை நிறுத்திய காரணம்

தல்லாகுளத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் சில வருடங்களுக்கு முன் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கென்று ஒரு முகாம் நடத்தினார்கள். நாற்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தோம். பேச வந்த பெண்மணி ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்தார்.

"நீங்க எதுக்காக மாறணும்னு ஒரே வரியில எழுதுங்க. மனசைத் தொடுற காரணமா இருக்கணும். அப்பத்தான் நிலைக்கும்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்னோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவன். ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். மனைவி இறந்துவிட்டாள், ஒரே மகள். அவன் யோசிக்கவே இல்லை. 'என் மகள் கல்யாணத்தை நான் நின்று நடத்த வேண்டும்' என்று எழுதினான். எழுதி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. நான் 'குடும்பத்துக்காக' என்று எழுதினேன். மற்றவர்களும் ஏறக்குறைய அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பருத்திப்பால் குடித்தோம். "கருப்பட்டி போட்டதுதான மாப்ள, ஒண்ணும் செய்யாது," என்றான். நானும் மறுக்கவில்லை. புது ஷூ வாங்கி நாலு நாள் நடந்தேன். அழகர்கோவிலுக்குப் போய் இனிப்பை விடுவதாக வேண்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி கொடுத்த காபியில் சர்க்கரை இருந்தது, குடித்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து என் வலது பாதத்தில் ஒரு புண் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் காலை அழுத்தி ஊன்ற முடியவில்லை. மனைவி ஊரில் இல்லாத ஒரு காலையில், பதினேழு வயது மகனிடம் புண்ணின் கட்டைப் பிரித்துக் கழுவ வெந்நீர் கேட்டேன். பிளாஸ்டிக் பேசினில் கொண்டுவந்தான். கட்டைப் பிரித்ததும் வாடை வந்தது. பேசினைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "முடிஞ்சதும் கூப்பிடுங்கப்பா" என்று போய்விட்டான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். அது என்னுடையது.

என் அப்பா கடைசி இரண்டு வருடம் ஒற்றைக் காலோடு எங்கள் வீட்டில் கிடந்தார். சர்க்கரையில் போன கால். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டாள். மனைவியிடம் கைக்குழந்தை. நான்தான் அவரைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோவேன். தெருவில் எல்லோரும் என்னை நல்ல பிள்ளை என்றார்கள். தூக்கும்போதெல்லாம் நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒருநாள் அலுவலகத்துக்குக் கிளம்பி நின்றபோது, தூக்கிய கையிலேயே அவருக்குப் போய்விட்டது. சட்டை பாழானது.

"செத்துத் தொலைய வேண்டியதுதான? இன்னும் எம்புட்டு நாளைக்கு என் உசுர வாங்குவீங்க?" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடுவது குறைந்தது. மூன்றாம் நாள்தான் கவனித்தேன், கட்டிலடியில் வைத்த செம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. தண்ணீர் குடித்தால் என்னைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று குடிக்காமல் இருந்திருக்கிறார். நல்ல சித்திரை வெயில். உதடு வெடித்திருந்தது. எனக்குப் புரிந்தது. புரிந்தும், குடிங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

மகன் பேசினைத் தள்ளிவிட்டுப் போன அன்று நான் காபியில் சர்க்கரையை நிறுத்தினேன். மறுநாள் விடிந்ததும் நடக்க முடிந்த அளவு நடந்தேன். புண் ஆறியதும் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு மணி நேரம். இன்றுவரை ஒருநாள் தவறவில்லை. கல்யாண வீட்டில் இலையில் வைத்த ஜாங்கிரியைப் பார்த்தால் எனக்குச் செம்புத் தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வரும். அதற்குமேல் கை நீளாது. மனைவி தன் வாய் ஓயாத பேச்சுக்குக் கிடைத்த பலன் என்று உறவுக்காரர்களிடம் சொன்னாள். "எல்லாம் எங்களுக்காகத்தான்," என்று பெருமைப்பட்டாள். நான் மறுக்கவில்லை.

நண்பன் மாறவில்லை. அவனுக்கு மகள்மேல் இருந்த பாசத்தில் கால்வாசிகூட எனக்கு என் பிள்ளைமேல் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பாசம் அவனுக்கு எப்போதும் தவணை கொடுத்துக்கொண்டே இருந்தது. மகளுக்குக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது, அந்தச் சந்தோஷத்தில் ஒரு லட்டு. பெண் பார்க்க வந்தார்கள், அவர்களோடு உட்கார்ந்து கேசரி. "கல்யாணம் நிச்சயமாகட்டும் மாப்ள, அன்னையிலிருந்து சுத்தமா நிறுத்திருவேன்," என்பான். நிச்சயமாவதற்குள் அவனுக்கு இடது கால் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதம் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் அவனைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தான்.

"நீ உம் புள்ளைக்காகக் கட்டுப்பாடா இருந்த. எனக்கு எம் மகமேல அம்புட்டுப் பாசம் இல்ல போல," என்றான்.

அதைத் தாங்க முடியவில்லை. அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். அப்பா, சட்டை, தண்ணீர், மகன் முகம் எல்லாம். "பாசத்துல நிறுத்தல மாப்ள. நான் எங்க அப்பனைப் பார்த்த மாதிரி எம் மகன் என்னைப் பார்த்துருவானேங்கிற பயத்துல நிறுத்துனேன்."

அவன் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இதை அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"அசிங்கமா இருந்துச்சு மாப்ள."

"உனக்கு அசிங்கம். எனக்குக் காலு போயிருச்சு."

அதற்குள் அவன் மகள் வேலையிலிருந்து வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "வாங்க மாமா" என்றாள். நேராகக் கட்டிலுக்குப் போய் அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். நல்ல பெண். முகம் சுளிக்கவில்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் தூக்கும்போது தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நண்பன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

கழிப்பறையிலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போனதும் மெல்லச் சொன்னான்: "இம்புட்டு நாளா நான் இதைக் கவனிச்சதே இல்ல மாப்ள."

அடுத்த வாரம் வாரேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் போகவில்லை. போன் செய்தால் மகள்தான் எடுக்கிறாள். "அப்பா இப்பல்லாம் சரியாச் சாப்பிடுறதில்ல மாமா, தண்ணிகூடக் கேக்குறதில்ல. நீங்க வந்து சொன்னாக் கேப்பாரு," என்கிறாள். வாரேம்மா என்கிறேன்.

என் மகன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். "சுகர் எம்புட்டுப்பா இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. நார்மல்தான்டா என்றதும் அவன் குரல் லேசாகிவிடும். அந்த நிம்மதி எனக்காகவா அவனுக்காகவா என்று நான் கேட்டதில்லை.