கூரைக்கு இரண்டு டிக்கெட்

தங்கை லொரெடானா ஐம்பத்திரண்டு வயதில் பட்டம் வாங்கியதிலிருந்து நிவெஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெளியே சிரித்தாள், கட்டிப்பிடித்தாள், பட்டம் வாங்கினால் கொடுக்கிற சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாமையும் தானே வாங்கிப்போய் எல்லாருக்கும் கொடுத்தாள். உள்ளே வயிறு எரிந்தது. பட்டம் வாங்கியவர்கள் தலையில் சூட்டுகிற இலைக் கிரீடத்தை லொரெடானா மறுநாள்வரை கழற்றவில்லை. பிறகு அதை அக்கா வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள். நிவெஸ் அதிலிருந்து நாலு இலையைக் கிள்ளி மாட்டுக்கறிக் குழம்பில் போட்டாள். என்ன பெரிய கிரீடம், பிரிஞ்சி இலைதானே? குழம்பு நன்றாகவே வந்தது. அதிலும் அவளுக்கு எரிச்சல்.

மிலானில் பட்டம் வாங்கிய பெண் யாராக இருந்தாலும் 'டொட்டொரெஸ்ஸா'தான், டாக்டரம்மா. அதற்கு வைத்தியம் தெரிய வேண்டியதில்லை. தெருமுனைக் காபிக் கடைக்காரன் நிவெஸை முப்பது வருஷமாக 'சிஞோரா', வெறும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். முடி வெட்டும் கடை வைத்திருக்கிற லொரெடானாவுக்கு மட்டும் இப்போது "டொட்டொரெஸ்ஸா, சர்க்கரை ஒண்ணா ரெண்டா?" என்று குழைகிறான். பக்கத்தில் நிற்கிற நிவெஸ் தன் காபியைச் சர்க்கரையே போடாமல் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுக் கிளம்புவாள்.

நிவெஸும் படித்தவள்தான். இலக்கியம். அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு, பட்டத்துக்கு இன்னும் மூன்றே பரீட்சை. ஒரு வருஷம் வேலைக்குப் போய்விட்டு வந்து முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் போய் உட்கார்ந்தாள். அந்த ஒரு வருஷம் முப்பத்தாறு வருஷமாகிவிட்டது. அன்றைக்கு லொரெடானா பதினாறு வயதுக் கழுதை. பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அடம்பிடித்து, நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத்தான் இன்றைக்குக் கிரீடம்.

ஊர் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் டிக்கெட் எடுத்து ஏறும் பேராலயத்தின் கூரைமேல் படிக்கிற காலத்தில் ஏறினால் பட்டம் கிடைக்காது என்பது இந்த ஊர் மாணவர்களின் நம்பிக்கை. பட்டம் கைக்கு வந்த பிறகுதான் ஏறுவார்கள். நிவெஸ் இன்றுவரை ஏறியதில்லை. தெற்கிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் வாசல்வரை கூட்டிப்போய் மேலே அனுப்பிவிட்டு, கீழே புறாக்களோடு நிற்பாள். கேட்டால், உயரம் என்றால் தலை சுற்றும் என்பாள். புருஷன் எட்ஸியோகூட அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் லொரெடானா ஆரம்பித்தாள். "அக்கா, நான் கூரைக்கு ஏறணும். நாம ரெண்டு பேர் மட்டும். டிக்கெட் எடுக்கறதுல உன்னை மாதிரி கெட்டிக்காரி யாரு? நீயே எடு. லிஃப்ட் டிக்கெட்டா பாத்து எடு, என் முட்டி லட்சணம்தான் உனக்குத் தெரியுமே."

"எடுத்துட்டாப் போச்சு, டொட்டொரெஸ்ஸா," என்றாள் நிவெஸ். அந்தச் சொல்லை முள்ளைத் துப்புவதுபோலத் துப்பினாள். தங்கை அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு துண்டு கறி போட்டுக்கொண்டாள்.

மறுநாள் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நிவெஸ் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஆலயம் மட்டும், ஆலயமும் அருங்காட்சியகமும், கூரைக்கு லிஃப்ட், கூரைக்குப் படிக்கட்டு, வரிசையில் நிற்காமல் போவது என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொன்றையும் திறந்து எல்லா விதிகளையும் படித்தாள். புதன்கிழமை காலை பத்து மணி லிஃப்ட்டில் இடம் இருந்தது. அதன்மேல் விரலை வைத்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு இருநூற்றுச் சொச்சம் படி ஏறும் லொரெடானா கண்முன் வந்தாள். விரல் தானாக அடுத்த வரிக்கு நகர்ந்தது.

பின்னால் எட்ஸியோ வந்து நின்றான். "படிக்கட்டா? அவ முட்டிக்கா?"

"லிஃப்ட் எல்லாம் தீந்துபோச்சு."

"பச்சை பச்சையா இடம் காட்டுதே!"

"உன் கண்ணாடிய மாத்து முதல்ல," என்று சொல்லிவிட்டு இரண்டு டிக்கெட்டையும் அச்சடித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று அவளுக்குப் பசித்தது.

புதன்கிழமை படிக்கட்டு வாசலில் லொரெடானா முட்டியில் பட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றாள். டிக்கெட்டைப் பார்த்தாள். "படியா? சரி, வா."

"நீ போ. எனக்கு உயரம்னா ஆகாது."

"போன வருஷம் மலையில ரோப் கார்ல தொங்கிக்கிட்டு போட்டோ எடுத்துத் தள்ளினியே, அப்ப எங்க போச்சு அந்தத் தலைசுத்தல்?"

தங்கை சிரித்தாள். "அந்தப் பழைய கதைக்காக பயப்படறியா? படிக்கிற பசங்கதான் ஏறக் கூடாது. ஐம்பத்தெட்டு வயசுல உனக்கு எந்தப் பரீட்சை இருக்கு, அக்கா?"

"மூணு இருக்கு!"

கத்தியேவிட்டாள். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிவெஸுக்கே தூக்கிவாரிப்போட்டது. முப்பத்தாறு வருஷமாகத் தன்னை மாணவி என்று நினைத்துக்கொண்டிருந்தது அவளுக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்தது. மேலே ஏறிவிட்டால், இனி அந்தப் பட்டம் வேண்டாம் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி. அதனால்தான் ஏறவில்லை.

"எந்த மூணு?" என்றாள் லொரெடானா மெதுவாக.

"லத்தீன். இடைக்கால வரலாறு. மொழிநூல்." மூச்சு விடாமல் வந்தது.

லொரெடானாவின் சிரிப்பு நின்றது. அக்காவின் கையிலிருந்த இரண்டு டிக்கெட்டையும் வாங்கி, அக்காவுடையதை நாலாக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப நீ மேல வரக் கூடாது," என்றாள். விளையாட்டே இல்லாத குரல்.

"லொரெடானா... லிஃப்ட்ல இடம் இருந்துச்சு."

"தெரியும். அத்தான் அன்னிக்கே போன் பண்ணி உன்னப் போட்டுக் குடுத்துட்டாரு."

"தெரிஞ்சுமா வந்தே?"

"உன் பொறாமை எனக்குப் புதுசாக்கா? எனக்குப் பதினாறு வயசா இருந்தப்ப நீ புத்தகத்தத் தூக்கிக்கிட்டுப் போறதப் பாத்து நான் வயிறெரிஞ்சது உனக்குத் தெரியாது. இப்ப உன் முறை. நல்லா எரி."

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு படி, ஒரு முனகல் என்று அவள் ஏறினாள். நிவெஸ் கீழேயே நின்றாள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தங்கை நொண்டிக்கொண்டு இறங்கி வந்தபோது அவள் முகம் வேர்த்து, சிவந்து, ஜொலித்தது. அந்த ஜொலிப்பைப் பார்த்ததும் நிவெஸின் வயிறு மறுபடியும் பற்றிக்கொண்டது. பாவம் என்று தோளைக் கொடுத்து டிராம் வரைக்கும் தாங்கிக் கூட்டிப்போனாள். எரிச்சல் ஒரு சொட்டும் குறையவில்லை.

குறைந்திருந்தால், மறுநாள் காலை பல்கலைக்கழக அலுவலகம் திறந்த கையோடு, அந்த மூன்று பரீட்சைக்கு வழி கேட்டு அவள் போன் போட்டிருக்க மாட்டாள்.