உப்புப் போட்ட ஐஸ்

சிதம்பரத்தில் ஒரு மருந்து லேபில் என் பிழைப்பே பாஸ்போலிப்பிட்தான். சோயாவிலிருந்தும் முட்டைக் கருவிலிருந்தும் எடுக்கிற கொழுப்பு அது. தண்ணீரில் விட்டால் தானே சுருண்டு, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகும். கடுமையான மருந்தை அதற்குள் வைத்து அனுப்பினால், சிறுநீரகத்தை அவ்வளவாகக் கெடுக்காமல் நோய் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரும். இதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் எல்லாரையும் அறுத்திருக்கிறேன்.

கொரோனா இரண்டாம் அலையில் அக்காவின் கணவருக்குக் கருப்புப் பூஞ்சை வந்து கண்வரை ஏறிவிட்டது. கடலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உருண்டைக்குள் வைத்த அந்த ஊசி மருந்துதான் வேண்டும். எங்கே கேட்டாலும் இல்லை. அவருடைய அண்ணன், எனக்குப் பெரிய மாமா, துறைமுகத்தில் மீன் வியாபாரம் செய்கிறவர். பாண்டிச்சேரியில் நாள் முழுக்க வரிசையில் நின்று எப்படியோ வாங்கிவிட்டார். சில்லென்று வைக்கச் சொல்லியிருக்கிறார் கடைக்காரர். மனுஷன் வஞ்சிரத்தை வெளியூருக்கு அனுப்புகிற மாதிரியே ஐஸை உடைத்து, கல்லுப்பைத் தூவி, குப்பிகளை அதில் புதைத்துக் கொண்டுவந்தார்.

வார்டு வாசலில் பெட்டியை வாங்கித் திறந்தது நான். உப்புப் போட்ட ஐஸ் சும்மா இருக்குமா? வெறும் ஐஸைவிடக் குளிர் இன்னும் கீழே இறங்கும். மருந்து கல்லாக உறைந்திருந்தது. உறைந்தால் அந்தக் கொழுப்பு உடைந்துவிடும். உருக்கினாலும் பழையபடி ஆகாது. டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வேறு வழியில்லாமல் உருண்டைக்குள் வைக்காத வெறும் மருந்தையே ஏற்றினார்கள். சிறுநீரகம் தாங்கவில்லை. அக்காவின் கணவர் போய்விட்டார்.

பெரிய மாமாவை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருகிட்ட சொல்லிடாதடா. தெரிஞ்சா அவரும் போயிடுவாரு."

தான் கொண்டுவந்த மருந்தைத்தான் ஏற்றினார்கள் என்று அவர் இன்றுவரை நம்புகிறார். எனக்கோ லேபில் ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் குப்பிகள்தான் தெரிகின்றன. பயமாக இருக்கிறது.

போன திதிக்கு திருப்பாதிரிப்புலியூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் பெரிய மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு ஐஸ் பத்தாமல் போய்விட்டதோ என்று இன்னும் தூக்கம் வரமாட்டேன் என்கிறதாம்.

"நீங்க கொண்டாந்ததுல ஒரு கொறையும் இல்ல மாமா."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்போ அந்த மருந்துதான் சரியில்ல. அப்படித்தான?"

"ஆமா மாமா," என்றேன். "மருந்துதான் சரியில்ல."